பதினேழும் பதினெட்டும் சொல்லாமல் விட்டது

போன மாதம் நஸ்ரீன் போன் செய்தாள். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் குளிர் அறையில் இருந்த மெஷின்களையெல்லாம் கழற்றிவிட்டு, இனிமேல் இணையம் வழியாக வாடகை மெஷின்களில் கணக்குப் போடப் போகிறார்களாம்.

"புதுசா வந்தவங்க எல்லாரும் இனிமே மாட்யூல் காணாமப் போற தொல்லையே இருக்காதுன்னு சொல்றாங்க மேடம். அந்த பிராக்கெட் விஷயத்தை நீங்க எழுதிக் குடுங்களேன். நான் சொன்னா கதை கேக்கற மாதிரி கேட்டுட்டுப் போயிடறாங்க" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. அந்த விஷயத்தில் பாதித் தப்பு என்னுடையது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்றைக்கும் அது மனதைவிட்டுப் போகவில்லை. எழுதி முடித்தாலாவது போகிறதா பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் எஸ்தர் ராணி. அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். கணக்கில் பட்டம், ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ, இரண்டு கம்பெனிகளில் டேட்டா என்ட்ரி. அதற்கப்புறம் இந்த அலுவலகம். ஆபரேட்டராகச் சேர்ந்து சிஸ்டம் அட்மினாக வெளியே வந்தேன். நடுவில் படித்ததெல்லாம் அலுவலகத்திலேயே, திட்டு வாங்கியே படித்தது.

எங்கள் அலுவலகம் எந்தப் பொருளையும் செய்யாது. வண்டிக் கம்பெனிகள் ஒரு பாகத்தின் வரைபடத்தை அனுப்பும். அந்தப் பாகம் எவ்வளவு பாரம் தாங்கும், எத்தனை லட்சம் தடவை குலுங்கினால் விரிசல் விடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வோம். அதற்காகக் குளிர் அறையில் இருபத்துநான்கு மெஷின்கள் இருந்தன. அவற்றை நோடு என்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். இன்ஜினியர்கள் தங்கள் கணக்கைத் தலைமை மெஷினிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எந்த நோடு காலியாக இருக்கிறதோ அதற்கு அது அனுப்பும். தன் கணக்கு எந்த நோடில் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க அவசியமும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

கணக்குகளைப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவார்கள். மாட்யூல் என்பது யாரோ ஏற்கெனவே எழுதி வைத்த கணக்குமுறை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து வேலை செய்யும். அந்தப் பெயரில் எதுவும் மெஷினில் இல்லாவிட்டால் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கு நின்றுவிடும். என் வேலையில் பாதி இந்த ஒரு வரியோடுதான் கழிந்தது.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் செல்வநாயகம் சார். உயரமானவர், கொஞ்சம் கூன். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவரிடம் போய், "சார், ஏதோ மாட்யூல் இல்லைன்னு வருது" என்றேன்.

"ஏதோவா?"

"கணக்கு நின்னு போச்சு சார்."

அவர் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "அது சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டு வாங்க. ஒரு எழுத்து விடாம. நீங்க புரிஞ்சுக்கிட்டதை அப்புறம் கேட்டுக்கறேன்."

எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மாட்யூலின் பெயரில் ஒரு எழுத்து தவறாக அடித்திருந்தார்கள். அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை யாராவது 'வரலை மேடம்' என்று வந்தால் நானும் தாளை நீட்டினேன்.

ஒருவர் வந்து, கையால் தட்டினால் ஓடுகிறது, வரிசையில் போட்டால் மாட்யூல் இல்லை என்கிறது என்பார். பார்த்தால், மாட்யூல் இருக்கும் இடத்தை அவர் தன் பெயரில் மட்டும் எழுதி வைத்திருப்பார். அவர் நேரில் உள்ளே நுழைந்தால் அது படிக்கப்படும், அவர் இல்லாமல் நோடு தானே கணக்கை எடுத்து ஓட்டும்போது படிக்கப்படாது. இன்னொருவர் தன் ஃபைலுக்கே மாட்யூலின் பெயரை வைத்துவிட்டு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். மெஷின் அவர் கூப்பிட்ட பெயருக்கு அவர் ஃபைலையே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் சின்னச் சின்ன வலி. கண்டுபிடித்தால் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.

சார் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. ஒரு நோடு சந்தேகமாக இருந்தால் அதைச் சரிசெய்யக் கை வைக்கக் கூடாது. முதலில் வரிசையிலிருந்து விலக்க வேண்டும், புதுக் கணக்கு அதற்குப் போகாதபடி. பிறகு அது இருக்கிற நிலையிலேயே வைத்து, எந்தப் பைத்தான் ஓடுகிறது, அது மாட்யூலை எங்கெங்கே தேடுகிறது, எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் கை. "சரி பண்ணிட்டா என்ன தப்புன்னு தெரியாமலே போயிடும்" என்பார். எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றியதுண்டு.

அது ஆடி மாதம். நஸ்ரீன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. ஏற்கெனவே அனுப்பிய ஒரு ரிப்போர்ட்டில் இருந்த படம் மங்கலாக இருக்கிறது என்று தினகரன் அவளிடம் புதுப் படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தான். தினகரன் எங்கள் மூத்த இன்ஜினியர். விரிசல் கணக்கையெல்லாம் எழுதியவன் அவன்தான். படத்துக்காக அவள் அந்தக் கணக்கை மறுபடி ஓட்டினாள். காலை பத்து மணி இருக்கும், லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தாள்.

"மேடம், ஒரே ஃபைல். ரெண்டு பதில்."

"ஃபைல்ல எதையாவது மாத்தியிருப்பீங்க."

"தொடவே இல்ல மேடம். பழைய ரிப்போர்ட்ல பத்தொன்பது லட்சம் தடவை தாங்கும்னு இருக்கு. இப்ப நாலு லட்சம்னு வருது."

வழக்கம்போல் தாளை நீட்டினேன். "என்ன சொல்லுதுன்னு எழுதுங்க."

அவள் தாளை வாங்கிக்கொண்டு நின்றாள். "எதுவுமே சொல்லலை மேடம். ரெண்டு தடவையும் நல்லபடியா முடிஞ்சதுன்னுதான் இருக்கு."

அந்த வெற்றுத்தாளைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் பயம் வந்தது. பிழை என்று கத்துகிற மெஷினோடு எனக்குப் பழக்கம். இது கத்தவில்லை.

பழைய கணக்கு எந்த நோடில் ஓடியது என்று தலைமை மெஷினின் பதிவேட்டில் தேடினேன். பதினேழு. இன்றைக்கு ஓடியது நான்கு. பதினேழு என்ற எண்ணை இரண்டு தடவை படித்தேன். ஏனென்றால் பதினேழும் பதினெட்டும் ஹார்ட் டிஸ்க் என்ற வட்டு கெட்டுப்போய், பதினோரு வாரத்துக்கு முன்னால் நானே புதிதாக அமைத்த நோடுகள்.

இருபத்துநான்கு நோடுகளுக்கும் ஒரே ஒரு வரி அனுப்பினேன். விரிசல் கணக்குக்கான மாட்யூலைக் கூப்பிட்டுப் பார், எங்கிருந்து வந்தது என்று சொல். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. இருபத்திரண்டு நோடுகள் இடத்தைச் சொல்லின. பதினேழும் பதினெட்டும், அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றன.

எப்படி விட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. எந்தெந்த மாட்யூல் போட வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அந்தப் பட்டியல் எழுதி இரண்டு வாரம் கழித்துத்தான் வெல்டிங் இணைப்புக்கான இந்த மாட்யூலைத் தினகரன் கேட்டான். அன்றைக்கு எல்லா நோடிலும் கையால் போட்டேன். டைரியில் எழுதினேன். பட்டியலில் சேர்க்கவில்லை. வட்டு மாற்றியபோது பட்டியலைப் பார்த்துப் போட்டேன், டைரியைப் பார்க்கவில்லை.

ஆனால் மாட்யூல் இல்லை என்றால் கணக்கு நின்றிருக்க வேண்டுமே? தினகரனைக் கூப்பிட்டேன். வந்து தன் கணக்கைத் திறந்து மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனவன் ஒரு இடத்தில் நின்றான். நான்கு வரி. மாட்யூல் கிடைத்தால் அதை எடுத்துக்கொள். கிடைக்காவிட்டால் சாதாரணச் சூத்திரத்தை வைத்துக்கொள்.

"வீட்ல லேப்டாப்ல ஓட்டிப் பாக்கறதுக்காகப் போட்டேன் மேடம்" என்றான். "அதுல இந்த மாட்யூல் இல்ல. அந்த வரிகளை எடுத்துடணும்னு இருந்தேன்."

சாதாரணச் சூத்திரத்துக்கு வெல்டிங் என்று ஒன்று இருப்பதே தெரியாது. முழு இரும்பு என்று நினைத்துக் கணக்குப் போடும். அதனால்தான் பத்தொன்பது லட்சம்.

தினகரன் குனிந்து மெதுவாகச் சொன்னான். "மேடம், இப்பவே போட்ருங்க. ரெண்டு நிமிஷ வேலை. என்னென்ன ஓடிச்சோ மறுபடி ஓட்டிப் பாத்துக்கலாம். பெருசா ஒண்ணும் இருக்காது."

நான் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. என் விரல்கள் கீபோர்டின் மேல்தான் இருந்தன. போட்டிருப்பேன். ரிட்டையர் ஆக ஐந்தாறு வருடம்தான் பாக்கி. ஒரு குறைகூட வராத ரெக்கார்டு. ஆனால் பல வருடப் பழக்கத்தில், மாட்யூலைப் போடுகிற கட்டளைக்குப் பதிலாக இரண்டு நோடுகளையும் வரிசையிலிருந்து விலக்குகிற கட்டளையை விரல்கள் முதலில் அடித்துவிட்டன. விலக்கினால் திரையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு சாரிடம் போகாமல் இருக்க முடியாது. எழுந்து போனேன்.

சார் முழுவதையும் கேட்டார். யார் பண்ணினது என்று கேட்கவில்லை.

"எப்பலேருந்து?" குரல் ஏற்கெனவே இறங்கியிருந்தது.

"பதினோரு வாரம் சார்."

"அந்த ரெண்டுல ஓடினது எல்லாத்தையும் எடுங்க. அதுல விரிசல் கணக்கு எது எது. அதுல வெளிய போனது எது எது."

பதிவேட்டில் கணக்கு எண், நேரம், நோடு இருக்கும். எந்தக் கம்பெனி வேலை என்று இருக்காது. நஸ்ரீன் ஒரு பக்கம் ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக விரித்தாள். நான் கணக்கு எண்ணையும் நேரத்தையும் படித்தேன். பென்சிலால் ஜோடி சேர்த்தோம். அந்த இரண்டு நோடுகளில் ஓடிய விரிசல் கணக்குகள் ஒன்பது. தினகரன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஏழில் வெல்டிங்கே இல்லை, பதில் மாறாது. ஒன்று இன்னும் எங்களிடமே இருந்தது. மிச்சம் ஒன்று, நஸ்ரீன் படம் எடுக்க ஓட்டியது. பூந்தமல்லிக்கு அந்தப்பக்கம் பஸ் பாடி கட்டி, தானே வாடகைக்கும் ஓட்டுகிற ஒரு கம்பெனிக்குப் போனது. மினி பஸ்ஸில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்து வைக்கும் பிராக்கெட்.

"அது விட்டுப்போச்சுன்னா என்ன ஆகும்?" என்று தினகரனைக் கேட்டேன்.

"பின் அச்சு ஒரு பக்கம் விலகிடும் மேடம். நேர் ரோட்டுல சமாளிக்கலாம். வளைவுல வண்டி டிரைவர் பேச்சைக் கேக்காது."

சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. கெட்ட செய்தி சொல்லும் போனை அறைக்குள்ளிருந்து செய்ய மாட்டார். வெளியே வந்து எல்லோருக்கும் நடுவில் நின்று செய்வார். அன்றைக்கும் வந்தார். என் மேஜைப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"செல்வநாயகம் பேசறேன். உங்க புது பிராக்கெட் போட்ட வண்டி எத்தனை ஓடுது?"

"பன்னெண்டு சார். அருமையா ஓடுது" என்றார் பஸ் கம்பெனி முதலாளி.

"பன்னெண்டையும் நிறுத்துங்க. உடனே. எங்க கணக்கு தப்பு."

அந்தப்பக்கம் பட்டறையில் யாரையோ சுத்தியலை நிறுத்தச் சொன்னார்.

"நீங்கதானே சார் ஓகேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க?"

"ஆமா. நாங்கதான். தப்பாப் போட்டுட்டோம்."

பதினொன்று மதியத்துக்குள் பட்டறைக்கு வந்துவிடும் என்றார் முதலாளி. பன்னிரண்டாவது, மாங்காட்டிலிருந்து இருபத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு அம்மன் கோவில் டூர் போயிருந்தது. இன்றைக்குக் கொல்லிமலை. டிரைவர் பெயர் ஏழுமலை.

கொல்லிமலைப் பாதையை நான் பார்த்திருக்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு.

சார் நம்பரை எழுதி என்னிடம் கொடுத்தார். "நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருங்க எஸ்தர். எடுத்ததும் பதறாமப் பேசணும். வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தா ஓரமா நிறுத்தச் சொல்லிட்டுத்தான் மீதி."

கூப்பிட்டேன். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. அந்தக் குரலில் ஒரு பெண் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறாள்! இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அவளைக் கேட்டேன். நடுவில் நஸ்ரீன் தோசைப் பொட்டலம் கொண்டுவந்து வைத்தாள், பிரிக்கவில்லை. கண்ணை மூடினால் வளைவு. திறந்தால் திரையில் பதினேழு, பதினெட்டு என்று சிவப்பில் இரண்டு எண்.

ஒன்றரை மணிக்கு அந்தப்பக்கம் போன் மணி அடித்தது. நான்கு தடவை அடித்து எடுத்தார்கள்.

"அலோ. யாரு?"

"ஏழுமலை அண்ணனா? அம்பத்தூர்லேருந்து எஸ்தர் பேசறேன். வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?"

"இல்லமா. மேல வந்தாச்சி. எல்லாரும் சாப்ட்டுகினு கீறாங்க. இன்னா விஷயம்?"

மேலே ஏறிவிட்டார்கள். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு நொடி மூச்சு வந்தது. அடுத்த நொடியே, இனிமேல்தான் இறங்க வேண்டும் என்று தோன்றியது. ஏறுவதைவிட இறங்குவதில்தான் அந்த பிராக்கெட்டுக்கு வேலை அதிகம் என்று தினகரன் என் பக்கத்தில் நின்று தாளில் எழுதிக் காட்டினான்.

"அண்ணே, வண்டியை எடுக்காதீங்க. பின்னாடி ஸ்பிரிங் பிராக்கெட்ல சந்தேகம் இருக்கு. கீழ படுத்துப் பாக்க முடியுமா?"

"ஓனரு சொன்னாரா?"

"சொல்லிட்டார். லைன் கிடைக்காததால நான் கூப்பிடறேன்."

"நீ மெக்கானிக்கா?"

"இல்லண்ணே. நான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறேன்."

அவர் சிரித்தார். "கம்ப்யூட்டர்ல குந்திகினு என் வண்டி அடியில இன்னா கீதுன்னு உனக்கு எப்டி மா தெரியும்?"

"எங்க தப்புண்ணே. தாங்கும்னு நாங்கதான் எழுதிக் குடுத்தோம். தாங்காது."

சிரிப்பு நின்றது. கதவு திறக்கிற சத்தம், சாக்கு விரிக்கிற சத்தம், முனகல் எல்லாம் கேட்டது. நஸ்ரீன் வரைபடத்தை என் முன்னால் விரித்து இடத்தை விரலால் காட்டினாள். டிரைவர் பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னால், பிராக்கெட்டின் தட்டும் சேஸிஸும் சேருகிற மேல் ஓரம் என்று அதை அப்படியே அவருக்குச் சொன்னேன்.

"மண்ணு அப்பிகினு கீது. இரு, தொடைக்கிறேன்." கொஞ்ச நேரம் துணி உரசுகிற சத்தம். "லைட்டு அடிக்கிறேன்... இந்தப் பக்கம் ஒண்ணியும் இல்ல."

"அடுத்த பக்கமும் பாத்துடுங்கண்ணே."

மறுபடி முனகல். பிறகு சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

"யம்மா."

"சொல்லுங்கண்ணே."

"வெல்டு ஓரத்துல ஒரு கோடு மாரி கீது. நகத்தால இஸ்த்துப் பாத்தேன். நகம் மாட்டுது."

நான் அதைத் திருப்பிச் சொன்னேன், ஒரு எழுத்து விடாமல். நகம் மாட்டுகிறது. தினகரன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். சார் மட்டும் நின்றுகொண்டே, "சக்கரத்துக்குக் கல்லு வைக்கச் சொல்லுங்க. யாரும் ஏறக்கூடாது" என்றார்.

அதற்குள் அந்தப்பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். "கொழந்த குட்டியோட வந்து மலை மேல மாட்டிகினு கீறோம். ஊட்டுக்கு எப்டி போறது? நீயா வந்து இட்டுனு போவ?" என்று கத்தினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்துவது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. கத்துகிற அளவுக்கு நன்றாக இருந்தார்.

அவர்களையெல்லாம் லைன் பஸ்ஸில் கீழே இறக்கி, அங்கிருந்து வேறு வண்டி வைத்து மாங்காடு கொண்டுவந்து சேர்த்தார்கள். மறுநாள் நாமக்கல்லிலிருந்து ஒரு மெக்கானிக் மேலே போய், அந்த இடத்தை இரும்புப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்தான். காலி வண்டியை ஏழுமலை ஓட்ட, மெக்கானிக் பின்னாலேயே பைக்கில் வர, எழுபது வளைவையும் இறங்கி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனதாம்.

மற்ற பதினொன்றையும் சோதிக்கிற அன்று சார் என்னைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளம் தோண்டியதில் பூந்தமல்லி டிரங்க் ரோடு பாதியாகச் சுருங்கியிருந்தது. எங்கள் ஆட்டோவுக்கு முன்னால் போன ஒவ்வொரு பஸ்ஸின் பின் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். இத்தனை வருடத்தில் நாங்கள் கணக்குப் போட்ட ஒரு பாகத்தை நான் கையால் தொட்டதில்லை. பிராக்கெட்டைத் துடைத்துச் சிவப்புச் சாயம் பூசினார்கள். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தார்கள். மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். வண்டி வண்டியாகக் குனிந்து பார்த்தேன். ஒன்பது சுத்தம். இரண்டில் கோடு வந்தது, தலைமுடி அளவு. கொல்லிமலை வண்டியில் இருந்து கழற்றியதைத் தனியாக ஒரு கோணிமேல் வைத்திருந்தார்கள். அதில் இருந்தது என் சுண்டுவிரல் நீளம்.

ஆட்டோவில் திரும்பினோம். சார் எஸ்டேட் வாசலில் இறங்கும்போது, "அந்த ரெண்டு நோடையும் தொடாம வந்து சொன்னீங்க. அதுக்கு நன்றி சொல்ல மாட்டேன். அது உங்க வேலை" என்றார். மறுநாள் எனக்கும் தினகரனுக்கும் மெமோ வந்தது. என்னுடையதில் பட்டியல், டைரி இரண்டும் குறிப்பிடப்பட்டிருந்தன. ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பஸ் கம்பெனி, பிராக்கெட்டைச் சரிசெய்கிற வேலையை மட்டும் தந்துவிட்டு அதற்கப்புறம் எங்களிடம் வரவில்லை.

அதற்குப் பிறகு நோடு நோடாக மாட்யூல் போடுவதை நிறுத்தினேன். எல்லா நோடும் ஒரே இடத்திலிருந்து எடுக்கும்படி வைத்தேன். பட்டியலை நான் எழுதுவதில்லை. என்னென்ன இருக்கிறது என்று மெஷினே எழுத வேண்டும். ஒவ்வொரு கணக்கும் தொடங்கும் முன் தனக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கும். ஒன்று குறைந்தாலும் நின்றுவிடும். எந்த நோடில் ஓடியது என்று பதிலின் முதல் வரியிலேயே எழுதும். தினகரன் தன் பழைய கணக்குகளையெல்லாம் திறந்து, கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று சொல்கிற வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தன. இன்ஜினியர்களுக்கு என்மேல் எரிச்சல். 'எஸ்தர் மேடம் எதுக்கெடுத்தாலும் நிறுத்திடறாங்க' என்று கேன்டீனில் பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

நஸ்ரீன், உன் புது ஆட்களுக்கு இவ்வளவு போதும். வாடகை மெஷினிலும் யாரோ ஒருத்தர் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் போடுவார். ஆனால் உனக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது.

புது பிராக்கெட்டுக்குக் கணக்குப் போட்டு, தட்டைத் தடிமனாக்கி, வெல்டிங்கை நீட்டி, பன்னிரண்டு வண்டிக்கும் மாட்டி முடித்த மறுநாள் ஏழுமலை எனக்குப் போன் செய்தார்.

"யம்மா, ஓனரு வண்டிய எடுன்றாரு. வெல்டரும் எடுன்றான். நாளைக்கி ஸ்கூல் டிரிப்பு. நீ இன்னா சொல்ற?"

"நான் என்ன சொல்றதுண்ணே? இன்ஜினியருங்க பாத்திருக்காங்களே."

"அவங்கோதான் மின்னயும் பாத்தாங்கோ. எடுக்காதன்னு சொன்னது நீதான? எடுன்னு சொல்றதும் நீயே சொல்லிடு."

என்னால் சொல்ல முடியவில்லை. காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உடனே புது பிராக்கெட் கணக்கை எடுத்து இருபத்துநான்கு நோடுகளிலும் தனித்தனியாக ஓட்டினேன். பதினேழிலும் பதினெட்டிலும் இரண்டு தடவை. பதில்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நோட்டில் எழுதினேன். எல்லாம் ஒரே எண், கடைசி இலக்கம் வரை. மூடி வைத்துவிட்டு மறுபடி திறந்து ஒருமுறை விரல் வைத்துப் படித்தேன்.

காலை ஆறரைக்கு ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்று கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எடுங்கண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னா?"

"எடுங்க. தாங்கும்."

"சர்தான்" என்றார். போனைக் கட் செய்யாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. கதவு அறைந்தது. இன்ஜின் ஒரு தடவை இருமி, பிடித்துக்கொண்டது. கியர் விழுந்தது. ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறிய சத்தம் கேட்டது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஹாரன். யாரோ பிள்ளைகள் ஏறுகிற கூச்சல். அவர் அவர்களிடம் "குந்துங்க, குந்துங்க" என்றார். லைன் தானாக அறுந்து போகும்வரை நான் போனை வைக்கவில்லை.